அமெதிஸ்ட் வாங்க வேண்டும்: கொத்தா, உருட்டிய கல்லா?

வணக்கம் நண்பர்களே. தியானத்தின்போது கையில் வைத்துக்கொள்ளவும், மற்ற நேரத்தில் அலமாரியில் அழகுக்கு வைக்கவும் ஒரு அமெதிஸ்ட் (ஊதா நிறப் படிகக் கல்) தேடுகிறேன். நோய்க்கு மருந்தாக இல்லை, மனம் ஒருநிலைப்படத்தான்.

பல படிகங்கள் சேர்ந்து வளர்ந்த, மெருகேற்றாத கொத்தின் அழகே தனி. அடியில் வெளிறி, முனைக்குப் போகப் போக ஊதா அடர்கிறது. படிகம் வளர்ந்த விதம் அப்படியே தெரிகிறது. ஆனால் உள்ளங்கையில் குத்தும், இடுக்கில் தூசி சேரும். உருட்டிய கல் கைக்கு இதம், அந்த முனைகள்தான் போய்விடுகின்றன.

இரண்டையும் வைத்திருப்பவர்கள் எதை அதிகம் கையில் எடுக்கிறீர்கள்? அப்புறம், வெயிலில் நிறம் மங்கும் என்பதால் ஜன்னலோரம் வைக்க மாட்டேன். இடுக்குகளைச் சுத்தம் செய்ய மென்மையான பிரஷ் போதுமா? செலினைட் என்ற இன்னொரு படிகத்தில் செய்த கோபுர வடிவக் கல்லின் மீதும் ஒரு கண். அதன் கடினம் 1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவில் 2தான், நகம் பட்டாலே கீறும். அதை எப்படித் துடைக்கிறீர்கள்?