தொழில் நடத்தும் பெண்களுக்கான குழுவில் சேர்ந்தவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

அச்சகக்காரி:

தொழில் நடத்தும் பெண்கள் சிறு வட்டமாகக் கூடி, முறை வைத்து ஒவ்வொருவராகத் தங்கள் தொழில் பிரச்சினையை மனம்விட்டுச் சொல்லும் குழுக்கள் இவை; நான் அப்படி ஒன்றில் சேர விண்ணப்பித்தேன். விற்றுமுதல் கணக்கு, தணிக்கை அறிக்கை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இரண்டு உறுப்பினர்கள் பரிந்துரைத்தும் விட்டார்கள். நேர்காணல் வெறும் சம்பிரதாயம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

தேர்வுக் குழுவில் நடுவில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்து வங்கிக் கடிதத்தில் நின்றார். "பங்கு அறுபது சதவீதம் உங்களுடையது. சரி. காசோலையில் நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?"

செல்லாது. நானும் கணவரும் சேர்ந்து போட வேண்டும். அவர் தனியாகப் போட்டால் செல்லும். கம்பெனி ஆரம்பித்த நாளில் வங்கியில் நிரப்பிய படிவம் அப்படி. அதற்கப்புறம் யாரும் அதைத் தொட்டதில்லை.

அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். எனக்கு இடம் கிடைத்தது, சேர்ந்தும் விட்டேன், குழு நன்றாகத்தான் போகிறது. ஆனால் அந்தக் கோடு மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மெஷின் வாங்கியது நான், ஆர்டர் பிடிப்பது நான், ராத்திரி பிளேட் மாற்றும்போது பக்கத்தில் நிற்பது நான். உறுப்பினராகச் சேர்க்கும் ஒரு குழு இதையெல்லாம் கேட்கலாமா?

வார்ப்படம்:

கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் பெண்கள் நடத்தும் தொழில்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் டபிள்யூபிஇஎன்சி என்ற அமைப்பு 1997-இல் வந்தது. அங்கே பங்கு 51 சதவீதம் பெண் கையில் இருந்தால் மட்டும் போதாது. நிர்வாகமும் கட்டுப்பாடும் அவர் கையில்தான் இருக்கிறதா என்று ஆவணங்களைத் தோண்டுவார்கள், இடத்துக்கே வந்தும் பார்ப்பார்கள். ஏன் என்று கேட்டால், பெண் பெயரில் பலகை மாட்டிவிட்டு உள்ளே வேறொருவர் உட்கார்ந்திருக்கும் கம்பெனிகள் அத்தனை உண்டு.

எங்கள் வட்டத்தில் ஒருவர் இருந்தார். பெரிய கம்பெனி, என்னுடையதைப் போல மூன்று மடங்கு. அவருடைய முறை வந்தபோது ஒருவர் மொத்த லாப விகிதம் என்ன என்று சாதாரணமாகக் கேட்டார். "ஒரு நிமிஷம்" என்று செல்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து ஒரு எண்ணைச் சொன்னார். நாங்கள் அத்தனை பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் தன் கணக்கை மனம்விட்டுப் பேசவில்லை. பேசினால் அது யார் காதுக்குப் போகும் என்று எங்களுக்குத் தெரியுமே.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1988-இல் அமெரிக்காவில் பெண் தொழில்முனைவோருக்கான சட்டம் வரும்வரை, அங்கே சில மாநிலங்களில் தொழில் கடனுக்கு வீட்டு ஆண் ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்று கேட்க முடிந்தது. அந்தச் சட்டத்துக்காகக் கூட்டமாகப் போய் நின்றவர்கள் 1975-இல் தொடங்கிய நாவ்போ போன்ற பெண் முதலாளிகளின் சங்கங்கள்தான். கையெழுத்து யாருடையது என்று இந்தக் குழுக்கள் கேட்பது அங்கிருந்து வரும் பழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் ஷிப்ட்:

வட்டத்துக்குள் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

அன்றைக்கு என் முறை. ஒரு கிளை நஷ்டத்தில் ஓடுகிறது, மூடுவதா வேண்டாமா என்பது விஷயம். முதல் நாளிலிருந்து என்னோடு இருக்கும் மேற்பார்வையாளர் அந்தக் கிளையில்தான் இருக்கிறார். நான் முடித்ததுமே எதிரே இருந்தவர் "உடனே மூடுங்கள், யோசிக்கவே வேண்டாம்" என்று ஆரம்பித்தார். ஒருங்கிணைப்பாளர் கையை உயர்த்தினார். "அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள்."

உங்களில் பலருக்கு இந்த விதி பழக்கம்தான். 1987-இல் தொடங்கிய எண்டர்பிரனர்ஸ் ஆர்கனைசேஷன் என்ற தொழில்முனைவோர் அமைப்பு போன்ற இடங்களில் கெஸ்டால்ட் முறை என்று இதைப் பயிற்சி கொடுத்தே சொல்லித்தருகிறார்கள். அறிவுரை கூடாது, சொந்த அனுபவம் மட்டும். எழுத்தில் படித்தால் எளிது.

எதிரே இருந்த அந்த அம்மா வாயைத் திறந்தார், மூடினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்புறம், "நான் மூடவில்லை. வீட்டை விற்று நடத்தினேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

நான் கிளையை மூடிவிட்டேன். மேற்பார்வையாளருக்குத் தலைமை அலுவலகத்தில் வேலை கொடுத்தேன். அதெல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த அம்மா அடுத்த மாதம் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. அந்த வாக்கியத்தை எனக்காக அவராகச் சொன்னாரா, இல்லை அந்த விதி அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டதா? இன்றைக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

கணக்கு அக்கா:

நான் சேர்ந்த குழு ஒரு வருடத்தில் கலைந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் வேறு வேலைக்குப் போனார், அதோடு சரி. இறுதிக் கூட்டத்துக்கு நானும் நாற்காலிகளும்தான் வந்திருந்தோம்.

அதனால் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துக்கு இருப்பவரா, உறுப்பினர்களில் ஒருவர் முறை வைத்துச் செய்கிறாரா என்று கேளுங்கள். சம்பளத்துக்கு இருப்பவர் என்றால் கூட்டம் நேரத்துக்கு நடக்கும், ஆனால் அவர் போனால் குழுவும் போகலாம். முறை வைத்துச் செய்தால் கொஞ்சம் இழுபறி, ஆனால் உயிரோடு இருக்கும்.

அடுத்து, போன வருடம் இருந்தவர்களில் இந்த வருடம் எத்தனை பேர் புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். ஒரே தொழிலில் இருவரைச் சேர்ப்பார்களா என்பது அதைவிட முக்கியம். ரோட்டரி 1905-இல் தொடங்கியபோதே ஒரு தொழிலுக்கு ஒருவர் என்றுதான் வைத்தார்கள். நல்ல வட்டங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், உங்கள் பெரிய வாடிக்கையாளர், சப்ளையர், கடன் கொடுத்தவர் யாரும் அதே அறையில் இல்லை என்று பெயர்ப் பட்டியலை உங்களிடமே காட்டி உறுதி செய்வார்கள்.

சேர்வதற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று வைக்கும் விற்றுமுதல் எல்லையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றும் பாருங்கள். பெண் தலைவர்களுக்கென்று 1997-இல் தொடங்கிய விமன் பிரெசிடென்ட்ஸ் ஆர்கனைசேஷன் நீண்ட காலம் சேவைத் தொழிலுக்கு 10 லட்சம் டாலர், பொருள் விற்பவர்களுக்கு 20 லட்சம் டாலர் என்று இரண்டு அளவு வைத்திருந்தது. அதுதான் நியாயம். பொருள் வாங்கி விற்பவரின் விற்றுமுதலில் பாதிக்குமேல் கொள்முதல் விலையாகவே போய்விடும். ஆலோசனை நிறுவனம் நடத்துபவருக்கு அப்படி இல்லை. ஒரே எல்லை வைத்திருக்கும் குழுவில் வியாபாரிகள் எளிதாக உள்ளே வந்துவிடுவார்கள், சேவைத் தொழில் செய்பவர்கள் வெளியே நிற்பார்கள்.

வருகை விதியையும் படியுங்கள். தொடர்ந்து வராவிட்டால் நீக்குவோம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எழுதாத குழுவுக்குத்தான் பயப்பட வேண்டும். சந்தாவைத் தொழில் செலவில் காட்டலாமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்காதீர்கள்.

அச்சகக்காரி, உங்கள் பிரச்சினை சின்னது. இயக்குநர் குழுத் தீர்மானம் ஒன்று, வங்கியின் புதுக் கையெழுத்து அதிகாரப் படிவம் ஒன்று, அடையாள ஆவணங்கள். இவ்வளவுதான் வேலை.

மூன்றாம் ஷிப்ட்:

அக்கா, அறிவுரை கூடாது என்ற விதியைப் பற்றி நான் எழுதியதற்கு நேர் கீழேயா இதை எழுத வேண்டும்!

அச்சகக்காரி:

எனக்கு உதவியாக இருந்தது, திட்டாதீர்கள். கணவரிடம் படிவத்தைக் காட்டினேன். "இதை ஏன் இத்தனை நாளாகக் கேட்கவில்லை?" என்றார். இதற்குத் தனி இழைதான் தொடங்க வேண்டும்.

வெள்ளை அட்டை:

கணக்கு அக்கா எல்லையை நியாயமாகப் போடுவது எப்படி என்று சொல்கிறார். எல்லையே எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நான் விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போனேன். உறுப்பினர்களுக்குப் பச்சை நிறப் பெயர் அட்டை, விருந்தினர்களுக்கு வெள்ளை. ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தார், கையைக்கூட நீட்டிவிட்டார். நடுவழியில் கண் என் அட்டைமேல் விழுந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது, பார்வை மட்டும் என் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. நீட்டிய கை எனக்குப் பின்னால் நின்றிருந்த பச்சை அட்டைக்குப் போயிற்று.

1978-இல் அமெரிக்காவில் டுவார்ட்டே என்ற ஊரின் ரோட்டரி கிளப் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக அந்தக் கிளப்பையே வெளியேற்றினார்கள். 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் கதவு திறந்தது. அப்படித் திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நாமே இன்னொரு கதவு போட்டு, அதில் விற்றுமுதல் பூட்டு மாட்டுகிறோம்.

வார்ப்படம்:

அந்தப் பெண்மணி செய்தது மரியாதை இல்லாத வேலை. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் டுவார்ட்டேவையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். ஆண் பெண் என்பதைத் தாண்ட வழியே கிடையாது. விற்றுமுதல் எல்லையை அடுத்த வருடம் தாண்டலாம்.

நான் முதலில் இருந்தது விற்றுமுதல் எல்லை இல்லாமல் எல்லோரும் கலந்த குழு. ஒவ்வொரு கூட்டமும் வரிப் பதிவு எப்படிச் செய்வது, முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது என்பதிலேயே முடியும். நான் சொல்லிக்கொடுத்தேன், சந்தோஷமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் என் பிரச்சினை வேறு: எண்பது பேருக்குச் சம்பளம் போட வேண்டும், மகள் தொழிலுக்கு வர மாட்டேன் என்கிறாள், வங்கி கடன் எல்லையைக் குறைக்கிறது. இதை அந்த அறையில் சொன்னால் புதிதாக வந்த பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். 1945-இல், போர் முடிந்த அதே வருடம், பிரான்ஸில் இவோன் ஃபுவனான் நிறுவனம் நடத்தும் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். பிற்பாடு பல நாடுகளுக்கு அது பரவியது. ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு ஓர் அறை வேண்டும் என்பது பழைய தேவைதான்.

வெள்ளை அட்டை:

அடுத்த வருடம் தாண்டலாம் என்று சொல்வது எளிது. தாண்டுவதற்கு வேண்டிய அறிமுகங்கள் அந்த அறைக்குள்தானே இருக்கின்றன.

லேபிள்:

அறிமுகம் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் சேர்ந்தது பெண்கள் குழுதான், ஆனால் வாராவாரம் பரிந்துரைச் சீட்டு, அதாவது இன்னோர் உறுப்பினருக்கு வாடிக்கையாளராகக்கூடியவரின் பெயரை எழுதிய சீட்டு, கொடுக்கும் வகை. காலியாகக் கொடுத்தால் கொடுத்தவரின் பெயரை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒருநாள் பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்து, இறுதியில் தன் கொழுந்தன் பெயரை எழுதி என்னிடம் நீட்டினார். "போன் பண்ணாதீங்க, அவர் ஒண்ணும் வாங்க மாட்டார்" என்று காதோடு சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளை அட்டை, அறிமுகம் வேண்டுமென்றால் இந்த வகை, மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் வார்ப்படம் சொல்லும் வகை. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேக்கிங் யூனிட்:

மனம்விட்டுப் பேசியவள் எழுதுகிறேன்.

வட்டத்தில் பேசியதை வெளியே சொல்ல மாட்டோம் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். கணக்கு அக்கா சொன்ன அந்தப் பெயர்ப் பட்டியலும் காட்டினார்கள். என் பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து யாரும் அதில் இல்லை. என் முறை வந்தபோது உள்ளதைச் சொன்னேன்: அந்த ஒரு வாடிக்கையாளர் போனால் மூன்று மாதச் சம்பளத்துக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. வீட்டில்கூட நான் சொல்லாத எண் அது.

கொஞ்ச நாள் கழித்து அதே வாடிக்கையாளரோடு விலைப் பேச்சுவார்த்தை. கொள்முதல் மேலாளர், சின்னப் பையன், கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மேடம், நீங்க மூணு மாசம் தாங்குவீங்கன்னு தெரியும். எங்களுக்கு அவசரம் இல்ல." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவர்கள் கேட்ட விலைக்கே கொடுத்தேன்.

வட்டத்தில் இதை எழுப்பினேன். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள், எல்லோருடைய முகமும் உண்மையாகத்தான் தெரிந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது உறுப்பினர்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் இல்லையே. அச்சகக்காரி, உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு இது தெரிந்திருக்கும். தொழிலில் வேறு யாருக்குப் பங்கு, அவர் எங்கெங்கே உட்கார்கிறார், யாரோடு பேசுகிறார் என்பதும் அந்த அறைக்குள் வருகிறது. எங்கள் குழுவில் யாரும் அதைக் கேட்கவில்லை.

கணக்கு அக்கா:

இதற்குத்தான் ஒப்பந்தத்தில் வாழ்க்கைத் துணையையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறேன். ஒரே ஒரு வாக்கியம் போதும்...

பேக்கிங் யூனிட்:

அக்கா, வேண்டாம். நான் விலகிவிட்டேன். இன்னும் இருவர் என்னோடு வந்தார்கள். மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். சந்தா இல்லை, ஒருங்கிணைப்பாளர் இல்லை, பெயர் அட்டையும் இல்லை. எண்களை மட்டும் யாரும் சொல்வதில்லை.