யானையைப் பிடிக்கச் சொல்லி ஊரில் மனு, கையெழுத்துப் போடலாமா?

காட்டோரத்தான்:
கோவைக்கு மேற்கே எங்கள் தோட்டம், ஒன்றரை ஏக்கர் வாழை. மூன்று மாதமாக ஒரு ஒற்றை ஆண் யானை வாரம் ஒரு தடவையாவது வந்து போகிறது. பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லி ஊரே மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டது, நான் மட்டும்தான் பாக்கி. 2019 ஜனவரியில் பிடித்து ஆனைமலைக் காட்டில் டாப்சிலிப் பக்கம் விட்ட சின்னத்தம்பி யானை, சில நாளிலேயே உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டில் வந்து நின்றதே, அதனால்தான் கை வரவில்லை.

மழைக்குருவி:
போடாதீர்கள். காட்டிலேயே விடுங்கள் என்று அன்று எத்தனை பேர் கத்தினோம், மறுபடி பிடித்தார்கள், இன்று சின்னத்தம்பி ஒரு கும்கி, காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய யானை. சின்னத்தம்பி திரிந்த தடாகம் பகுதியில் செங்கல் சூளைக்கு மண் தோண்டியது யானையா?

காட்டோரத்தான்:
கத்தியவர்களில் எத்தனை பேருக்கு வாழை இருக்கிறது?

கம்பத்தான்:
கேரளத்து யானை அரிக்கொம்பன் கதையைப் பாருங்கள். கேரள வனத்துறை அதைக் கும்கியாக்க நினைத்தது, யானைப் பிரியர்கள் நீதிமன்றம் போனார்கள். சரி, பரம்பிக்குளத்தில் விடலாம் என்றால் அந்தப் பக்கத்து மக்கள் மறியல். கடைசியில் 2023 ஏப்ரலில் பெரியாறு காட்டில் விட்டார்கள், ஒரே மாதத்தில் எங்கள் கம்பம் தெருவில் ஓடியது, ஒருவர் செத்தும் போனார். அப்புறம் ஜூனில் மறுபடி மயக்க ஊசி போட்டு, களக்காடு முண்டந்துறைக்கு லாரியில் கொண்டுபோனார்கள். யானைக்கு எது நல்லது என்பதைவிட எந்த ஊர்க்காரன் சத்தமாகப் பேசினான் என்பதுதான் முடிவு செய்தது.

தேயிலைமலை:
வால்பாறையில் யானையைப் பிடிப்பதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. யானை எங்கே நிற்கிறது என்று போனுக்குச் செய்தி வரும், கேபிள் டிவியில் ஓடும், எஸ்டேட் முக்கில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்தும் இருட்டில் நடந்து போகிறவன் இருக்கிறான், அது வேறு. உங்கள் யானை வாழைக்கு மட்டும்தான் வருகிறதா? வீட்டுப் பக்கம் தவிடு, புண்ணாக்கு, உப்பு எதுவும் வைத்திருக்கிறீர்களா? முதுமலைப் பக்கம் வாழைத்தோட்டம் என்ற ஊரில் ரிவால்டோ யானைக்குப் பழம் கொடுத்துப் பழக்கியவர்கள் மனிதர்கள்தான். 2021-இல் அதைக் கராலில், அதாவது மரக்கூண்டில், அடைத்து, ஆகஸ்டில் தூரமாக விட்டால், மறுநாளே வந்துவிட்டது. அந்தப் பழக்கம் இருக்கும்வரை இந்த யானை போனால் இன்னொன்று வரும்.

காட்டோரத்தான்:
தவிட்டு மூட்டை திண்ணையில்தான் கிடக்கிறது, போன வாரம் கிழித்ததும் அதைத்தான், நான் வாழைக்கு வந்தது என்று நினைத்திருந்தேன். நாளை உள்ளே எடுத்து வைக்கிறேன். மனுவைப் பற்றி அப்பாவிடம் பேச வேண்டும், முதல் கையெழுத்து அவருடையது.