ஒற்றைக் கையால் ஏர் பிஸ்டல்: குண்டுகள் இடப்பக்கம் கீழே இறங்குவது ஏன்?

புரசைவாக்கத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) பழகத் தொடங்கியிருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வலக்கைப் பழக்கம் உள்ளவன். தூரப் பார்வைக்குக் கண்ணாடி அணிகிறேன். சுடுவது கிளப்பின் துப்பாக்கியில்தான். பத்துக் குண்டுகள் கொண்ட ஒரு தொடரில் நூற்றுக்கு எழுபது புள்ளிகளைத் தாண்டினால் அதுவே எனக்கு நல்ல நாள்.

கையை நீட்டியதும் முன்சைட் (குழலின் முனையில் நிற்கும் குறிபார்க்கும் தகடு) இலக்கு அட்டையின் கறுப்பு வட்டத்தைச் சுற்றி அலைகிறது. அது நடுவுக்கு வரும் நொடிக்காகக் காத்திருந்து டிரிக்கரை அழுத்தினால், குண்டு கடிகார முள்ளின் ஏழு மணித் திசையில், ஆறாம் வளையத்திலோ ஐந்தாம் வளையத்திலோ போய் விழுகிறது. மேலும், சற்று நேரம் உற்றுப் பார்த்தால் முன்சைட்டும் அட்டையும் சேர்ந்தே மங்கிவிடுகின்றன. டம்பெல் தூக்கித் தோளை வலுப்படுத்தினால் இந்த ஆட்டம் நிற்குமா? பின்சைட்டை (கண்ணுக்கு அருகே உள்ள, நடுவில் வெட்டுள்ள தகடு) அதன் திருகாணியால் சில கிளிக் வலப்பக்கம் திருப்பினால் போதும் என்கிறார் உடன் பழகும் நண்பர். வார நாள்களில் ரேஞ்சுக்கு வர இயலாது என்பதால், வீட்டில் செய்யக்கூடியது ஏதேனும் இருந்தாலும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

எழும்பூர் வாசி:

பின்சைட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். நிதானமாகச் சுடும் மூத்தவர் ஒருவரிடம் அதே துப்பாக்கியைக் கொடுத்து ஐந்து குண்டுகள் சுடச் சொல்லுங்கள். அவருடைய குண்டுகள் நடுவை ஒட்டி விழுந்தால் துப்பாக்கியில் கோளாறு இல்லை என்று கொள்ளலாம். விரலின் பிழையைத் திருகாணியால் சரிக்கட்டினால், விரல் திருந்தும் நாளில் குண்டுகள் வலப்பக்கம் மேலே போகும். அப்போது மறுபடியும் திருப்ப வேண்டியிருக்கும்.

பத்தாம்வளையம்:

ஐயா, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. "நடுவுக்கு வரும் நொடிக்காகக் காத்திருந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, குண்டு கீழே இறங்குவது அந்தக் காத்திருப்பினால்தான். கை ஆடுவதால் அன்று.

கணக்கைப் பாருங்கள். நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம் கொண்டது. குண்டு 4.5 மி.மீ. விட்டமுடையது, அதன் விளிம்பு கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைத்துவிடும். முன்சைட்டும் பின்சைட்டும் ஒரே மட்டத்தில், இருபுறமும் சமமான வெளிச்ச இடைவெளியுடன் இருக்கையில், கை ஆடி அவை ஒரு சென்டிமீட்டர் தள்ளி நோக்கினாலும் குண்டு ஒரு சென்டிமீட்டர்தான் தள்ளிப்போகும். அப்போதும் ஒன்பது கிடைக்கும். ஆனால் இரண்டு சைட்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 33 செ.மீ. மட்டுமே; இலக்கோ 10 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே பின்சைட்டின் வெட்டுக்குள் முன்சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், அட்டையில் அது முப்பது மடங்காகப் பெருகிக் குண்டு ஏழாம் வளையத்தில் விழும். ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஐந்துதான். உங்கள் ஐந்துகளும் ஆறுகளும் பிறக்கும் இடம் இதுவே என்பது என் கணிப்பு. கண்ணுக்குத் தெரியும் ஆட்டத்திற்கு அஞ்சி, கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

சாய்வு ஏன் இடப்பக்கம் கீழே வருகிறது? ஏர் பிஸ்டலின் டிரிக்கர் எடை விதிப்படி 500 கிராமுக்குக் குறையக் கூடாது. துப்பாக்கியின் எடையோ ஏறக்குறைய ஒரு கிலோ. துப்பாக்கியின் எடையில் பாதி அளவு விசையைச் சட்டென்று கொடுக்கும்போது, சுட்டுவிரலோடு மற்ற நான்கு விரல்களும் எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் இறுகுகின்றன. மணிக்கட்டு சற்றே மடங்க, முன்சைட் தாழ்ந்து இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. எனவே அழுத்தத்தைத் தொடங்குவதற்கு நடுவை எதிர்பார்க்காதீர்கள். கறுப்புக்குக் கீழே வெள்ளைப் பகுதியில் சைட்டுகள் ஓரளவு அடங்கியதும், டிரிக்கர் இலேசாக நகரும் முதற்கட்டத்தை எடுத்துவிட்டு, தடை தென்படும் இரண்டாம் கட்டத்தின்மேல் விரல் நுனியின் சதைப்பகுதியால் நேர் பின்னோக்கிப் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். முன்சைட் அப்போதும் மெல்ல ஆடிக்கொண்டுதான் இருக்கும், ஆடட்டும். கை அடங்கியதிலிருந்து ஏழெட்டு நொடிக்குள் குண்டு போகவில்லையென்றால் கையைத் தாழ்த்திவிடுங்கள். போட்டியிலேயே 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். ஒரு குண்டுக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் இருக்கிறது. துரத்துவார் எவருமில்லை.

பிடியைப் பொறுத்தவரை, நடுவிரலும் மோதிரவிரலும் கிரிப்பை (மரக் கைப்பிடியை) நேர் பின்னே உள்ளங்கையை நோக்கி இழுக்க வேண்டும். கட்டைவிரல் சும்மா படுத்திருக்கட்டும். சுட்டுவிரலின் பக்கவாட்டு மரத்தில் உரசக் கூடாது. எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறீர்கள் என்பதைவிட, தொடக்கம் முதல் குண்டு போன பின் ஓரிரு நொடி வரை அந்த இறுக்கம் மாறாமலிருப்பதே முக்கியம்.

நிற்கும் நிலையையும் ஒருமுறை சோதியுங்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, இலக்கின் மட்டத்துக்கு இறக்கி, மூச்சைப் பாதி விட்டுக் கண்ணைத் திறங்கள். சைட் இலக்கின் இடப்பக்கம் நின்றால் கையைத் தள்ளாதீர்கள். பின்காலைச் சிறிது நகர்த்தி முழு உடலையும் திருப்புங்கள். இடக்கையைப் பையிலோ பெல்ட்டிலோ செருகிக்கொள்வது தோள் அசையாதிருக்கத்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் பையில் கைவிட்டு நின்ற படம் உலகெங்கும் பரவியதே, அதை அலட்சிய பாவனை என்று பலரும் ரசித்தார்கள். ஆனால் அதே ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மனு பாக்கரும் பிஸ்டல் பிரிவின் மற்றவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

அடையாறு ஆப்டோமெட்ரிஸ்ட்:

மங்கலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாற்பதைக் கடந்த கண்ணால் அருகிலுள்ள பொருளுக்குக் குவியத்தை நெடுநேரம் மாற்றி வைத்திருக்க இயலாது. உங்கள் கண்ணாடி தூரத்துக்கு அளவெடுத்தது; நீங்கள் கூர்மையாகப் பார்க்க வேண்டிய முன்சைட்டோ கை நீளத்தில் இருக்கிறது. சுடுவதற்கென்று, வலக்கண்ணின் தூர அளவோடு 0.50 அல்லது 0.75 டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) கூட்டிய ஒரு தனிக் கண்ணாடி செய்துகொண்டால் முன்சைட் தெளிவாகவும் கறுப்பு வட்டம் சற்றே மங்கலாகவும் தெரியும். தெரிய வேண்டியதும் அப்படித்தான். பரிசோதனைக்கு வரும்போது கையை நீட்டி முன்சைட் இருக்கும் தூரத்தை அளந்துகொண்டு வாருங்கள். பைஃபோகல், புரோகிரஸிவ் இரண்டும் இதற்கு ஒத்துவராது. தலையைச் சாய்க்கும் கோணத்திற்கேற்ப அளவு மாறிக்கொண்டே இருக்கும். இடக்கண்ணை இறுக மூடாதீர்கள்; முகத்தசை இழுபட்டு வலக்கண்ணும் களைத்துவிடும். 30 மி.மீ.க்கு மேற்படாத மங்கலான மறைப்பு ஒன்றை அந்தக் கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொள்வதை விதியும் அனுமதிக்கிறது.

புரசைவாக்கத்தான்:

மூவருக்கும் மிக்க நன்றி. கிளப் துப்பாக்கியை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அப்படியானால் டம்பெல் தவிர வேறு வழியுண்டா? இன்னொன்று: இந்த வெயில் காலத்தில் உள்ளங்கை வியர்த்துக் கிரிப் வழுக்குகிறது. என்னையறியாமல் இறுக்கிப் பிடித்துவிடுகிறேன்.

எழும்பூர் வாசி:

வியர்வைக்கு ஒரு சிறு பருத்தித் துண்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் கையைத் துடைத்துவிடுங்கள். ரேஞ்சுக்குப் புறப்படும் முன் குடிக்கும் டிகிரி காபியையும் அன்றைக்கு மட்டும் தள்ளிப்போடலாம்; விரல் நடுக்கத்தில் வேறுபாடு தெரியும். டம்பெல் தீங்கில்லை, ஆனால் சுடும் நாளில் வேண்டாம், களைத்த தோள் கூடுதலாகவே ஆடும்.

பத்தாம்வளையம்:

வீட்டுப் பயிற்சிக்குக் கைப்பிடியுள்ள ஒரு லிட்டர் பிளாஸ்டிக் மக் போதும். விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் ஊற்றினால் எடை ஏறக்குறையத் துப்பாக்கியினுடையதுதான். பிடியை மூன்று விரலால் பற்றி, சுட்டுவிரலை வெளியே விட்டு, கையை நேராக நீட்டி நில்லுங்கள். நீர்ப்பரப்பு சற்று அடங்கியபின், டிரிக்கரை அழுத்துவதுபோல் சுட்டுவிரலை மட்டும் மெதுவாக மடக்குங்கள். மற்ற விரல்கள் இறுகினால் நீர் உடனே துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து நொடி நீட்டல், ஒரு நிமிடம் ஓய்வு என்று கால்மணி நேரம் செய்யுங்கள். தோளுக்கும் அதுவே பயிற்சி.

ரேஞ்சில் முதல் அரைமணி நேரம் குண்டு போடாமல் டிரிக்கரை மட்டும் அழுத்திப் பழகும் டிரை ஃபயரிங் செய்யப் பயிற்றுநரின் அனுமதி கேளுங்கள். அதன்பின் அட்டையைத் திருப்பி, வளையமில்லாத வெள்ளைப் பக்கத்தில் சுடுங்கள். அங்கே புள்ளி இல்லை என்பதால் கண் தானாகவே முன்சைட்டில் நிற்கும். குண்டு வெளியேறிய கணத்தில் சைட் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று சொல்லிவிட்டு, பிறகு துளையைப் பாருங்கள்.

பின்சைட்டைத் திருப்பும் வேளை, வெள்ளைப் பக்கத்தில் பத்துக் குண்டுகளும் ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குள் தொடர்ந்து விழத் தொடங்கியபின் வரும். அப்போது வளைய அட்டைக்குத் திரும்பி, கூட்டத்தின் நடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அது இன்னும் இடப்பக்கமே இருந்தால் பயிற்றுநரை அருகில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் இரண்டு கிளிக் திருப்பி, மறுபடி பத்துக் குண்டுகள் சுட்டுப் பாருங்கள்.