குளியலறை முழுக்க உப்புக்கறை: டைல்ஸும் குழாயும் கெடாமல் எடுப்பது எப்படி?

மாடித்தோட்டம்:

வணக்கம். வாடகை வீடு, புழக்கத்துக்கு முழுக்க போர் தண்ணிதான். தண்ணியில் கரைஞ்ச உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரில் 1400 காட்டுது. குளியலறைச் சுவர் டைல்ஸில் இடுப்பு உயரம் வரைக்கும் வெள்ளை பூத்திருக்கு. குழாய் அடியில் சுண்ணாம்பு கட்டின மாதிரி திட்டுத் திட்டா இருக்கு. ஷவரில் பாதி ஓட்டை அடைச்சுப்போய் தண்ணி பக்கவாட்டில் பீய்ச்சுது. பக்கெட் வைக்கிற இடத்தில் தரையில் பழுப்பா ஒரு வளையம்.

வீடியோவில் சொன்னபடி சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊத்தினேன். நல்லா நுரைச்சுது, கறை அசையலை. ஹார்டுவேர் கடையில் பாத்ரூம் ஆசிட் வாங்கி ஊத்தச் சொல்றாங்க. தரை மொசைக். காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடிச்சுக்குவாங்களோன்னு பயமா இருக்கு. எதை, எவ்வளவு, எவ்வளவு நேரம்னு விவரமா சொல்லுங்க.

வெள்ளாவி:

அந்த ஆசிட்டை வாங்காதீங்க. மொசைக் தரைன்னு சொன்ன பிறகு அதுக்கு இங்கே வேலையே இல்லை.

சோடா, வினிகர் கதையை முதல்ல முடிச்சிடலாம். உப்புக்கறைன்னு நாம சொல்றது சாப்பாட்டு உப்பு இல்லை. பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். சுவரில் தெறிச்ச தண்ணி காய்ஞ்சு போயிடும், அதில் கரைஞ்சிருந்த சுண்ணாம்பு மட்டும் தங்கிடும். அதைக் கரைக்கப் புளிப்பு வேணும். வினிகரில் புளிப்பு இருக்கு. சோடா அந்தப் புளிப்பை முறிக்கிற பொருள். ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா ஒண்ணை ஒண்ணு தின்னுட்டுப் போயிடும். நுரை வர்றதைப் பார்த்து வேலை நடக்குதுன்னு நினைக்கிறோம், அவ்வளவுதான்.

கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4–5 சதவீதம். வேலை செய்யும், ஆனா அடைச்ச குளியலறையில் அந்த நெடி தாங்காது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்புன்னு கேளுங்க, சிட்ரிக் ஆசிட்னாலும் புரியும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் 2 மேசைக்கரண்டி, ஏறக்குறைய 25–30 கிராம். அதோட பாத்திரம் தேய்க்கிற லிக்விட் நாலைஞ்சு சொட்டு. இந்தச் சொட்டு முக்கியம். சுவரில் இருக்கிறது சுண்ணாம்பு மட்டுமில்லை, குளிக்கிற சோப்பு சுண்ணாம்போட சேர்ந்து உண்டாக்கின பிசுக்கும் மேலே படிஞ்சிருக்கும். அந்தப் பிசுக்கை லிக்விட் இளக்கினாத்தான் புளிப்பு உள்ளே போகும்.

ஆரம்பிக்கும் முன்னாடி சுவர் முழுக்க வெறும் தண்ணி ஊத்தி நனைங்க. டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற பூச்சு சிமெண்ட்; காய்ஞ்சிருந்தா புளிப்புத் தண்ணியை உறிஞ்சி அரிச்சுப்போகும். ஏற்கனவே தண்ணி குடிச்சிருந்தா அவ்வளவா ஏறாது.

அடுத்தது நேரம். ஸ்பிரே பண்ணிட்டு உடனே தேய்க்கிறதால ஒண்ணும் ஆகாது. செங்குத்தான சுவரில் அடிச்சது ரெண்டு நிமிஷத்தில் வழிஞ்சு கீழே வந்துடும். பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு, கரைசலில் முக்கி, லேசாப் பிழிஞ்சு டைல்ஸ் மேல ஒட்டிவிடுங்க. ஈரத்துணி தானா ஒட்டிக்கும். 20 நிமிஷம் விடுங்க, நடுவில் ஒருதடவை மேலே கொஞ்சம் தெளிங்க. துணியை எடுக்கும்போது வெள்ளை, குழைச்ச சுண்ணாம்பு மாதிரி விரலில் வழிக்க வரும். வழிக்க வராத இடத்தை பழைய ஏடிஎம் கார்டு விளிம்பால் சாய்வாகச் சுரண்டுங்க. பிளேடும் கம்பி நாரும் வேண்டாம், டைல்ஸின் பளபளப்பில் கீறல் விழுந்தா அடுத்த கறை அந்தக் கீறலைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கெட்டியா உட்காரும்.

ஒரே தடவையில் போகலைன்னா புதுக் கரைசல் கலந்து இன்னொரு தடவை. பழசையே திரும்பத் திரும்ப உபயோகிச்சா அதில் புளிப்பு தீர்ந்து, கால்சியம் சிட்ரேட்னு புதுசா ஒரு வெள்ளை மாவு படியும். கடைசியில் நல்லா அலசி விட்டு, ஒரு லிட்டர் தண்ணியில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து சிமெண்ட் கோடுகள் மேல ஊத்துங்க. மிச்சம் இருக்கிற புளிப்பு முறிஞ்சிடும். சோடாவுக்கு வேலை இங்கேதான்.

ரெஞ்சு ஸ்பேனர்:

குழாய்க்கு மேலே சொன்ன 20 நிமிஷம் வேண்டாம். பித்தளை மேல நிக்கல், அதுக்கு மேல மெல்லிசா குரோமியம், இவ்வளவுதான் அந்தப் பளபளப்பு. பஞ்சை நனைத்துத் திட்டு இருக்கும் இடத்தில் மட்டும் சுற்றுங்க. 10 நிமிஷத்தில் எடுத்துப் பாருங்க, தேவைப்பட்டா மறுபடி 10. முடிஞ்சதும் நிறைய தண்ணி விட்டுத் துடைச்சிடணும். தங்க நிறம், கறுப்பு நிறக் குழாயா இருந்தா புளிப்பே வேண்டாம், லிக்விட் சோப்பும் மெல்லிய துணியும் போதும்.

தண்ணி மெலிசா வருதா? குழாய் முனையில் இருக்கிற ஏரேட்டரை, அதாவது வலை வைச்ச சின்ன மூடியை, கழட்டுங்க. துணி சுற்றிக் கையால் திருகினாலே பெரும்பாலும் வரும். பிளேயர் போட்டுத்தான் ஆகணும்னா துணிக்கு மேல போடுங்க, இல்லேன்னா பல் பதிஞ்சிடும். உள்ளே ரப்பர் வாஷர், பிளாஸ்டிக் துண்டு, வலை எல்லாம் ஒரு வரிசையில் இருக்கும். அந்த வரிசையை போனில் ஒரு படம் எடுத்துக்குங்க. மாறிப் போட்டா ஓரத்தில் ஒழுகும். வலையை டம்ளரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு பழைய டூத் பிரஷ்ஷால் தட்டினா துகள் கொட்டும். சுண்ணாம்பில்லாம மணலா கொட்டினா கறை பிரச்சினை இல்லை, மேல்நிலைத் தொட்டியைக் கழுவ வேண்டிய நேரம்.

ஷவரைக் கழட்டத் தேவையில்லை. பிளாஸ்டிக் கவரில் அதே கரைசலை ஊத்தி, ஷவர் முகம் முங்குற மாதிரி மாட்டி ரப்பர் பேண்டு போடுங்க. அரை மணி நேரம். ஓட்டையில் ரப்பர் முனை இருந்தா கட்டைவிரலால் உருட்டித் தேய்ங்க, உள்ளே இருக்கிற கல் உடைஞ்சு வரும். ஊசி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை கோணலாகி அந்தத் தண்ணி ஆயுசுக்கும் சுவரைத்தான் நனைக்கும். அப்புறம் ஒரு நிமிஷம் முழு வேகத்தில் திறந்து விடுங்க.

பித்தளைச் செம்பு:

எங்க ஊர்ப் பக்கம் இதுக்கெல்லாம் புளிதான். பழைய புளியை ஊறவைத்து, கல் உப்பு போட்டுத் தேய்ச்சா செம்புக் குடம் தகதகன்னு ஆகுதே, குழாய்க்கு மட்டும் ஆகாதா? கறுப்புக் கறைக்கு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக்கலாம்.

வெள்ளாவி:

புளி அருமையான பொருள்தாங்க, செம்புக்கும் பித்தளைக்கும். அங்கே அது எடுக்கிறது உலோகத்தின் மேல படிஞ்ச களிம்பை. சுண்ணாம்பையும் கரைக்கும், ஆனா ரொம்ப மெதுவா. வெள்ளை சிமெண்ட் கோட்டில் சாறு இறங்கினா பழுப்புச் சாயம் வேற ஏறிடும். கல் உப்பு குரோமியத்தைக் கீறும்.

பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கிற யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீங்க. பிளீச்சும் எந்தப் புளிப்பும், அது வினிகரோ, எலுமிச்சை உப்போ, டாய்லெட் கிளீனரோ, சேர்ந்தா குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில் நுரையீரலைப் பதம் பார்த்துடும். தெரியாம கலந்துட்டா அங்கேயே நின்னு அலசிக்கிட்டு இருக்காம, கதவைத் திறந்து போட்டுட்டு உடனே வெளியே வந்துடுங்க.

கடப்பாக்கல்:

வெள்ளாவி சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சுவரில் ஒட்டிய துணியிலிருந்து வழிவது எங்கே போகும்? மொசைக் தரைக்குத்தான். மொசைக் என்பது சிமெண்டில் பதித்த பளிங்குச் சில்லு. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான், சுவரில் இருக்கும் கறையும் அதேதான். புளிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சொட்டிய இடமெல்லாம் பாலிஷ் போய் மங்கலான வட்டங்கள் விழும். அதை எந்தத் திரவத்தாலும் சரிசெய்ய முடியாது, மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும்.

அதனால் வேலையைத் தொடங்கும் முன் தரையை நிறையத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். சுவர் அடியில் பழைய துண்டு ஒன்றை நீளவாக்கில் சுருட்டிப் போட்டு, அதில் சோடாத் தண்ணீரை ஊற வையுங்கள். வழிவது துண்டிலேயே முறிந்துவிடும். சுவரை அலசும்போது மக்கில் மெதுவாக ஊற்றாமல் வாளியோடு ஊற்றுங்கள்.

கடப்பாக்கல் மேடை, கோட்டா கல், ஆத்தங்குடி கல், சிவப்பு ஆக்சைடு தரை எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை. சமையல் மேடையில் பாதி எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்தால் கடப்பாக்கல்லில் சாம்பல் நிறத்தில் வட்டம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கறையில்லை, கல்லே அரித்திருக்கிறது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் பார்வைக்கு மறையும், அவ்வளவே. உங்கள் தரை எந்த ரகம் என்று சந்தேகமாக இருந்தால் கதவுக்குப் பின்னால் ஒரு சொட்டு கரைசல் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் உடனே துடைத்துவிட்டு, அந்தத் தரையில் புளிப்பு வேண்டாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஹார்டுவேர் கடை ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது தொட்ட இடத்தை மட்டும் கெடுப்பதில்லை. அதன் ஆவியே கதவுக் கீல், தாழ்ப்பாள், ஸ்டீல் துண்டுக் கம்பி எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். அட்வான்ஸில் கழிக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பழுப்பு வளையம் வேறு சங்கதி. வாளியில் பிடித்த போர் தண்ணீரை ஒரு ராத்திரி அப்படியே வைத்துப் பாருங்கள். தெளிவாக வந்தது காலையில் மஞ்சளாகி அடியில் செம்மண் போலத் தங்கினால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. இரும்புக் கறைக்கு பிளீச் போட்டால் இன்னும் அடர்த்தியாகும். டைல்ஸாக இருந்தால் ஆக்ஸாலிக் ஆசிட் பவுடர் ஒரு தேக்கரண்டியை கால் லிட்டர் வெந்நீரில் கலந்து, கையுறையோடு தடவி, 10 நிமிடத்தில் கழுவலாம். வெள்ளைக் கறையை முதலில் எடுத்துவிட்டுத்தான் இது. சுண்ணாம்பின் மேலேயே போட்டால் கால்சியம் ஆக்ஸலேட் என்ற கரையாத வெள்ளை படியும். ஆக்ஸாலிக் ஆசிட் வாயில் பட்டால் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. உங்களுடையது மொசைக் என்பதால் பாத்திர லிக்விடில் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்துப் பாருங்கள். சோப்பு அழுக்காக இருந்தால் போய்விடும். போகாவிட்டால் பாலிஷ்காரர் வேலை.

மாடித்தோட்டம்:

ரொம்ப நன்றிங்க, குறிப்பா அந்தத் துண்டு யோசனைக்கு. இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, சிமெண்ட் கோட்டில் கறுப்புப் புள்ளி. ரெண்டு, ஜன்னல் கண்ணாடி எத்தனை தேய்ச்சும் மங்கலாவே இருக்கு. மூணு, 1400 டிடிஎஸ்ங்கிறது ரொம்ப மோசமா, வாஷிங் மெஷினுக்கும் ஏதாவது செய்யணுமா?

வெள்ளாவி:

துண்டை மறந்தது என் தப்புதான், கடப்பாக்கல் சொன்னபடியே செய்யுங்க.

கறுப்புப் புள்ளி பூஞ்சை. அதுக்கு மட்டும் பிளீச். கடையில் கிடைக்கிற சோடியம் ஹைபோகுளோரைட் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணி பத்துப் பங்கு, டூத் பிரஷ்ஷால் கோட்டில் தடவி 10 நிமிஷம், அப்புறம் அலசல். எலுமிச்சை உப்பு வேலை நடக்கிற நாளில் இதைத் தொடாதீங்க. ரெண்டு நாள் தள்ளி வைச்சுக்குங்க. ஸ்டீல் சாமான் மேல படாம பார்த்துக்குங்க, குழி குழியா அரிக்கும்.

கண்ணாடியில் நகத்தை இழுத்துப் பாருங்க. சொரசொரன்னு தட்டுப்பட்டா கறை மேலே இருக்கு, துணி வைத்தியம் பலிக்கும். சுத்தம் பண்ணின பிறகும் வழவழன்னு இருந்துக்கிட்டே மங்கலா தெரிஞ்சா கண்ணாடியே அரிச்சுப்போச்சு, விட்டுடுங்க. முகம் பார்க்கிற கண்ணாடியில் கரைசலை ஸ்பிரே பண்ணக்கூடாது, ஓரம் வழியா பின்னால் இறங்கினா ரசம் கறுத்துடும்.

டிடிஎஸ் மீட்டர் காட்டுறது கரைஞ்ச மொத்த உப்பு. கறை வைக்கிறது அதில் கால்சியம், மெக்னீசியம் மட்டும், அதாவது கடினத்தன்மை. அதுக்குத் தனி டெஸ்ட் கிட் இருக்கு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற தண்ணி கிடைக்காத இடத்தில் 600 வரைக்கும்னு வைச்சிருக்கு. டிடிஎஸ்ஸுக்கு அதே மாதிரி 500, 2000. சாஃப்ட்னர் மாட்டினா கடினத்தன்மை குறையும், மீட்டரில் 1400 அப்படியேதான் காட்டும். ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போயிடாதீங்க.

வாஷிங் மெஷினில் துணி போடாம, டிரம்முக்குள்ளே எலுமிச்சை உப்பு 100 கிராம் கொட்டி, 60 டிகிரியில் ஒரு முழு ஓட்டம். வெந்நீர் வசதி இல்லாத மெஷின்னா வெதுவெதுப்பான தண்ணியில் கரைச்சு ஊத்தி, கால் மணி நேரம் சுத்த விட்டு, ஒரு மணி நேரம் நிறுத்தி வைச்சு அப்புறம் வடிச்சு அலசுங்க. கீசரைத் திறக்க மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, உள்ளே காயிலில் கட்டின கல்லை ஊத்தி எல்லாம் எடுக்க முடியாது.

ரெஞ்சு ஸ்பேனர்:

எல்லாம் முடிச்ச பிறகு ஒரு கை வைப்பர் வாங்கிக் குளியலறை ஆணியில் மாட்டுங்க. குளிச்சவர் மேலிருந்து கீழே நாலு இழுப்பு இழுத்துட்டு, குழாயைத் துணியால் ஒத்தி எடுத்துட்டு வரணும். சுவரில் காய்றதுக்குத் தண்ணி இல்லேன்னா வெள்ளை எங்கிருந்து வரும்? ஒழுகுற குழாய்க்கு வாஷர் மாத்தாம விட்டா மட்டும் இதெல்லாம் வீண், அந்த ஒரு சொட்டு விழுற இடத்தில் ஒரே மாசத்தில் மறுபடி கல் கட்டிடும்.