கேம்களில் ஷீல்ட் (கவசம்) திரும்ப ஏறும், ஹெல்த் (உயிர்) ஏறாது: உங்களால் மறக்க முடியாத ஆட்டம் எது?

மூடுபனி, தலவாக்கலை

2022, 13 மணிநேரம் கரண்ட் போன நாட்கள். லேப்டொப்பில் மிச்சமிருந்த சார்ஜில் எஃப்டிஎல் என்ற விண்கப்பல் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். ஆறாவது செக்டரில், அதாவது ஆறாவது கட்டத்தில், ஒரு கடை கிடைத்தது. ஹல், அதாவது கப்பலின் உடல், 30-இல் 11. கையில் இருந்த ஸ்கிராப்புக்கு (அந்த கேமின் காசு) ஒன்று ஹல்லைத் திருத்தலாம், இல்லையென்றால் ஷீல்டுக்கு மூன்றாவது அடுக்குப் போடலாம். ஷீல்டைப் போட்டேன்.

ஏழாவதில் வந்தவனிடம் லேசரும் இருந்தது, மிசைலும் இருந்தது. மிசைல் ஷீல்டைக் கணக்கிலேயே எடுக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த மூன்று நீல வளையங்களைப் பார்க்கப் பார்க்கத் தைரியமாக இருந்தது. ஹல் இரண்டிரண்டாகக் குறைந்தது. ஆறாவது மிசைல் திரைக்குள் மெதுவாக வந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. லேசர் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. மூன்று வளையமும் முழுதாக மின்னிக்கொண்டிருந்தன, கப்பல் அப்படியே பிளந்தது. அந்த 11-ஐ எப்படி அவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொண்டேன்?

எட்டுக் கட்டம், ஹட்டன்

எனக்கு முதலாவது ஹேலோ, சுடும் கேம். 2001-இல் எக்ஸ்பொக்ஸ் கேம் பெட்டிக்கு வந்தது, நாங்கள் ஆடியது 2003-இல் வந்த பிசி கேம். டியூஷன் விட்டு பஸ் வரும்வரை கம்ப்யூட்டர் கடையில் அரை மணிநேரம். ஒதுங்கி நின்றால் ஷீல்ட் ஏறிவிடும். அதற்குக் கீழே எட்டுக் கட்டம் ஹெல்த், அது மருந்துப் பெட்டி கிடைத்தால்தான்.

லைப்ரரி மிஷனில் ஒரே ஒரு சிவப்புக் கட்டம் மிச்சம். அந்த நேரம் பார்த்து செக்பொயிண்ட் விழுந்தது, செத்தால் அங்கிருந்துதான் தொடங்கும். பக்கத்தில் இருந்த கூட்டாளி "போச்சுடா" என்றான். செத்தால் மறுபடி அதே ஒரு கட்டம்தான். நான்கு நாள் அங்கேயே கிடந்தோம். ஐந்தாம் நாள், ஒவ்வொரு மூலையிலும் ஷீல்ட் ஏறும்வரை நின்று நின்று போய், ஒரு பெட்டியை எடுத்தோம். அவன் போட்ட சத்தத்தில் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். 2004-இல் ஹேலோ 2 வந்தபோது அந்தக் கட்டங்களையே காணவில்லை, எனக்கு மனசு விட்டுப்போனது. 2009-இல் ஹேலோ 3: ஓடிஎஸ்டியில்தான் பெட்டி திரும்ப வந்தது.

பண்டாரவளை

ஹட்டன் தம்பி கோபிக்க வேண்டாம். நான்கு நாள் ஒரே இடத்தில் கிடந்ததை நீங்கள் வீரமாக நினைக்கிறீர்கள், நான் அதை கேமின் பிழை என்பேன். ஆடுபவர் எட்டுக் கட்டத்தோடு வருவாரா, ஒன்றோடு வருவாரா என்று அந்தச் சண்டையை அமைத்தவருக்கு எப்படித் தெரியும்? எட்டுக்கு ஏற்ற மாதிரி வைத்தால் ஒன்றோடு வருபவர் சாவார். ஒன்றுக்கு வைத்தால் மற்றவருக்குச் சப்பென்று போய்விடும்.

கோல் ஒஃப் டியூட்டி என்ற போர் கேமின் முதலாவதில், 2003-இல், மருந்துப் பெட்டி இருந்தது. என் தங்கச்சி ஐந்து நிமிடத்தில் எழுந்து போனாள். 2005-இல் வந்த இரண்டாவதில் பெட்டி இல்லை, ஒளிந்து நின்றால் தானாகச் சரியாகும். சுவருக்குப் பின்னால் நின்று, திரையின் சிவப்பு மறையும்வரை உண்மையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த மிஷனை முடித்தாள்.

நானுஓயா

மூடுபனி தம்பி, எனக்கும் அப்படி ஒரு கப்பல் போனது, எட்டாவது செக்டரில், ஹல் 3. அதை விடுங்கள், அடுத்த முறைக்குச் சொல்கிறேன். மிசைல்காரனைக் கண்டால் முதலில் அவனுடைய ஆயுத அறையை அடியுங்கள். அது செயலிழந்தால் மிசைல் வராது. கடையில் டிஃபென்ஸ் ட்ரோன் கிடைத்தால் விடாதீர்கள், மிசைலை வழியிலேயே சுட்டுவிடும். ஆனால் ட்ரோன் கொன்ட்ரோல் வேண்டும், ட்ரோன் பார்ட்ஸும் கையில் இருக்க வேண்டும். என்ஜினைத் தரம் உயர்த்தினால் குண்டு தவறிப்போகும் வாய்ப்புக் கூடும். பைலட் அறையில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். எதிரி சரணடைகிறேன் என்றால், பொருள் குறைவாக இருந்தாலும் வாங்கிக்கொண்டு விடுங்கள். ஹல் திருத்தும் விலை பின் செக்டர்களில் ஏறும், அதனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட நட்டம்தான். கடைக்கு முதல் ஸ்கிராப் எல்லாவற்றையும் கரைத்துவிடாதீர்கள்.

கொழுந்து மகள், பொகவந்தலாவ

நான் கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு சின்ன கேம் செய்கிறேன். மலைக்குப் போக வேண்டும், தேயிலைக் கொழுந்து எடுக்க வேண்டும், நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். களைப்புக்கு ஒரு பட்டை வைத்தேன். இரவு தூங்கினால் முழுதாக நிறையும். பண்டாரவளை அண்ணா சொன்னதைத்தான் அப்போது நானும் நினைத்தேன், எல்லோரும் காலையில் ஒரே நிலையில் தொடங்கட்டும் என்று.

அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். 26 வருடம் கொழுந்து எடுத்தவர். கேமில் மூன்று நாள் போனதும் போனைக் கீழே வைத்துவிட்டு, "விடிஞ்சா எல்லாம் சரியாயிடுமா? முழங்கால் எங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு பட்டையை ஐந்து துண்டாக வெட்டினேன். ஃபார் க்ரை 2 என்ற சுடும் கேமில், 2008-இல், இப்படி இருந்தது. குறைந்த துண்டு தானாக நிறையும், முற்றாகக் காலியானது நிறையாது. அதில் மருந்து ஊசி போட்டால் திரும்ப வரும், என்னுடையதில் அதுவும் இல்லை. கடைசித் துண்டு மட்டும் எப்போதும் தூங்கினால் நிறையும், அதனால் யாரும் அண்ணா சொல்வது போல மாட்டிக்கொள்ள மாட்டார்கள். செங்குத்தான மேல் மலையில் கூடையோடு வேகமாக ஏறினால் ஒரு துண்டு போகும், ஆனால் கொழுந்து நிறைய இருப்பதும் அங்கேதான்.

அம்மா மறுபடி ஆடினார். மேல் மலைப் பக்கமே போகவில்லை. கீழே மெதுவாக எடுத்து, ஐந்து துண்டோடும் அரைப்பேரோடும் வந்தார்.

பண்டாரவளை

தங்கச்சி, முடிந்ததும் கட்டாயம் அனுப்புங்கள். ஒரு கேள்வி. இரண்டு துண்டு போனவருக்கு நிறுவையில் கிலோவைக் குறைக்கிறீர்களா?

கொழுந்து மகள், பொகவந்தலாவ

குறைத்துப் பார்த்தேன் அண்ணா. அம்மா விடவில்லை. அதே கிலோதான்.