கேப் ஃபியர் ஸ்காட்லாந்துக் குடும்பம்: 1790-க்கு முந்தைய ஆவணம் தேட உதவி வேண்டும்

வணக்கம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கம்பர்லேண்ட் கவுண்டியில், 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவராக வரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் பெற்றோரைத் தேடுகிறோம். ஸ்காட்லாந்தின் மேற்கிலுள்ள ஆர்கைல் பகுதியிலிருந்து வந்தவர் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்வது. 1739-லேயே அங்கிருந்து பலர் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றோரம் குடியேறியிருக்கிறார்கள், எனவே நம்பலாம்.

1840 வரை கணக்கெடுப்பில் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. கப்பல் பயணிகள் பட்டியலும் 1820 முதல்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது. அதே பெயரில் பலர் இருப்பதால் பெயரை வைத்துக் கோத்தால் வேறு குடும்பத்தில் போய் நிற்போம். நிலத்தை வைத்துப் பிரிப்பதே சரி: எந்த ஓடைக்கரை, பக்கத்து நிலம் யாருடையது, நிலம் அளக்கும்போது அளவுச் சங்கிலி பிடித்தவர் யார். சங்கிலி பிடித்தவர்கள் பெரும்பாலும் உறவினர் அல்லது அண்டை வீட்டார். கம்பர்லேண்ட் 1754-இல் பிளேடன் கவுண்டியிலிருந்து பிரிந்ததால், பழைய பத்திரங்களைப் பிளேடனில்தான் பார்க்க வேண்டும்.

இந்த விவரங்கள் உள்ள நில மானியக் கோப்புகளை (அரசு நிலம் வழங்கிய ஆவணங்களை)ப் படித்துப் பழகியவர்கள் இருக்கிறீர்களா? 1773–75 குடிபெயர்ந்தோர் பதிவேட்டையும், லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் ராஜ விசுவாசிகளின் (அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றவர்களின்) இழப்பீட்டு மனுக்களையும் பார்த்துச் சொல்ல முடியுமா? ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பதிவேடுகளில் மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் அதை விட்டதில்லை. குடும்பப்பெயரின் முன்னொட்டை மெக் (Mc), மாக் (Mac) என இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

பக்க எண்ணோடு ஆவணப் படம் அனுப்பினால் பெரிய உதவி. சான்றில்லாத இணைய வம்சாவளி மட்டும் வேண்டாம்.