கீட்டோ உணவில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் கொடுக்கலாமா?

கேள்வி:
மகனுக்கு 4 வயது. இரண்டு மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்காததால், டாக்டர் 4:1 கீட்டோ உணவு (எடையில் கொழுப்பு 4 பங்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 பங்கு) தொடங்கினார். முட்டை, தேங்காய் எண்ணெய் எல்லாம் கிராம் கணக்கில் எடை போட்டுத்தான் தட்டுக்கு வருகிறது. இப்போது காய்ச்சல். வீட்டிலிருக்கும் சிரப் இனிக்கிறதே?

பதில்:
அதைக் கொடுக்காதீங்கம்மா. பல சிரப்புகளில் சர்க்கரை இருக்கும். இதே உணவில் இருக்கும் என் மகளுக்கு, ஒரு இருமல் சிரப்புக்கே, சிறுநீரில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உடலில் உண்டாகும் பொருள்) அளவு பார்க்கும் பட்டை அடர் ஊதாவிலிருந்து வெளிர் ரோஸுக்கு வந்துவிட்டது; அதாவது கீட்டோன் குறைந்துவிட்டது. மாத்திரையைப் பொடித்துத் தரலாமா, எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் உடனே கேளுங்கள். வலிப்பு மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பதில்:
வாந்தி எடுத்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் டிரிப் போடும் முன்பே ‘கீட்டோ உணவில் இருக்கிறான்’ என்று சொல்லுங்கள். சாதாரணமாக ஏற்றும் குளுகோஸ் கீட்டோனைக் குறைத்துவிடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. டாக்டர் மாத்திரை அளவு சொல்லிவிட்டார்.